தூள் குழியில் கிடந்த முதிரை

போன மாரியில் கடல் எங்கள் ஊர்க் கரையை இன்னும் கொஞ்சம் தின்றது. நாலைந்து தென்னைகள் தலைகுப்புற விழுந்தன. தோணிகளை ஏற்றி வைத்திருந்த இடம் இல்லாமல் போனது. அதற்குச் சற்று வடக்கே, மணல் கரைந்த பள்ளத்தில், ஆளுயரக் கொங்கிரீட் கட்டு ஒன்று வெளியே வந்து நின்றது. அதன் தலையில் நாலு ஆணித்தண்டுகள் துருவேறி நீட்டிக்கொண்டிருந்தன.

அது பறங்கியர் காலத்துக் கோட்டையின் அடி என்று இளம் பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். ஏறி நின்று படம் எடுத்தார்கள். என் சைக்கிள் கடைக்கு ரியூப் ஒட்ட வந்த ஒருவன் போனில் அந்தப் படத்தைக் காட்டி, அண்ணன் முறை வைத்து, "காக்கா, பீரங்கி வச்ச இடமாம், பாருங்க" என்றான்.

"பீரங்கியும் இல்ல, ஒண்டுமில்ல தம்பி. மரமில்லுட எஞ்சின் இரிந்த கட்டு அது."

"மரமில்லா? கடக்கரையிலயா?"

அவனுடைய முகம் விழுந்துவிட்டது. கதைக்கிற பழக்கம் எனக்குக் குறைவு. ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி இருந்தது. என் ராத்தாவின், மூத்த சகோதரியின், வீட்டுக் கூரை அதற்குள்தான் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான். என்னால்தான் அது எங்களுக்கு இல்லாமலும் போனது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கரையில் மூன்று மரமில்கள் வரிசையாக இருந்தன. மேற்கே காட்டுப் பக்கம் இருந்து லொறிகளில் மரக்குற்றிகள் வரும். தூளைக் கடலோரம் கொட்டலாம், சத்தத்துக்கு யாரும் ஏச மாட்டார்கள், தோணி கட்டுகிறவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதால் மில்காரர்கள் கடற்கரையைப் பிடித்திருந்தார்கள். விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மரம் அரிகிற வாளின் சத்தம் தொடங்கும். பாங்கு சொல்லும்போது மட்டும் நிற்கும். ஊரில் பாதி அடுப்புகள் அந்த மரத்தூளில்தான் எரிந்தன. தகர டின்னுக்குள் நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவரத் தூளை இடித்து நிரப்பி, போத்தலை உருவி எடுத்தால் அடுப்பு தயார். உம்மா ஒரு டின்னில் பகல் சமையலையும் இராச் சமையலையும் முடித்துவிடுவா.

மூன்றாவது மில்லில் என் மாமா வாள்காரராக இருந்தார். உம்மாவுடன் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அந்த மில்களில் வேலை செய்தவர்களில் பத்து விரலும் முழுதாக இருந்தவர் அவர் மட்டும்தான் என்று ஊரில் சொல்வார்கள். குற்றியை ஒரு தரம் சுற்றி நடந்து, கையால் தட்டிப் பார்த்து, இதற்குள் கூரைக்கு எத்தனை கைமரம், எத்தனை சலாகை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அரிந்து பார்த்தால் சரியாக இருக்கும். இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. ஒரு குற்றியில் அரிந்த துண்டுகளை, அரிந்த ஒழுங்கிலேயே, அடிப்பக்கம் எல்லாம் ஒரே பார்வையாக இருக்கும்படி திரும்ப அடுக்கி வைப்பார். தள்ளி நின்று பார்த்தால் அரியாத குற்றி மாதிரியே இருக்கும். ஒருவருடைய மரம் இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்பார். நான் அவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன். வாப்பாவும் என்னைப் போல அதிகம் கதைக்காதவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால் அங்கே ஆள் இருக்கிற சத்தமே கேட்காது. மாமாவோடுதான் நான் வாய் திறப்பேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு இல்லாத பெண் எவ்வளவு குணமானவளாக இருந்தாலும், அவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். ராத்தாவுக்கு எங்கள் வீட்டு வளவிலேயே வாப்பா சுவர் எழுப்பியிருந்தார். மாப்பிள்ளையும் பேசியாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிற, மெல்லிய மீசை வைத்த ஒருவர். அவருடைய பெயர் வந்தாலே ராத்தா குசினிக்குள் போய்விடுவா. கூரை ஒன்றுதான் மிச்சம்.

வாப்பாவின் வயலுக்குப் பக்கத்து மேட்டில் மூன்று முதிரை மரங்கள் நின்றன. அவை அவளுடைய கூரை என்று ராத்தா பிறந்த அன்றே வாப்பா சொல்லிவிட்டாராம். அந்த மூன்றும் வெட்டப்பட்டு, குற்றிகளாக மாமாவின் மில்லுக்கு வந்தன.

வாப்பாவுக்கு வெள்ளாமையோடு கொஞ்சம் மாடும் இருந்தது. மேய்ச்சல் தரையில் எல்லாருடைய மாடும் கலந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சூட்டுக்குறி உண்டு. எங்களுடையது பிறை மாதிரி ஒரு வளைவு, அதைக் குறுக்கே வெட்டிப் போகிற ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு சிறு வட்டம். அலிபுக்கும் ஆனாவுக்கும் முதல் நான் படித்தது அதைத்தான். மில்லில் குற்றிகளை இறக்கியதும் வாப்பா மாட்டுக்குச் சுடுகிற கம்பியைக் காய்ச்சி எடுத்தார். பக்கத்தில் நின்ற மாமாதான் யோசனை சொன்னார்.

"பெருசாச் சுடுங்க மச்சான். அடிவெட்டு முகம் முழுக்க வரட்டும். நாளைக்கு அரிஞ்சா ஒவ்வொரு துண்டுலயும் கொஞ்சம் இரிக்கும். ஆரும் மாத்தி எடுக்க ஏலா."

வாப்பா கம்பியின் முனையால் இழுத்து இழுத்து, ஒவ்வொரு குற்றியின் அடிவெட்டு முகமும் நிறையப் பிறையைப் போட்டார். முதிரை கருகும்போது ஒரு இனிப்பு மணம் வரும். எனக்கு அப்போது எட்டு வயது.

பிறகு நாட்டுப் பிரச்சினை முற்றிச் சண்டையானது. காட்டுக்குப் போகிற பாதை மூடப்பட்டது. மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதலாளிமார் எஞ்சினையும் வாளையும் கழற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். மாமாவுக்கு வேலை போனது. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள் என்பதையும், அவளுக்கும் சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது என்பதையும் நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஒரு காலையில் மாமா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்தார்.

"அரிஞ்சு அடுக்கி வச்சிரிந்தன் மச்சான். ஆரோ துவக்குக்காரனுகள் லொறியோட வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டானுகள். நான் என்ன செய்ய?"

எந்தத் துவக்குக்காரர், இயக்கமா இராணுவமா என்று வாப்பா கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை. "உன்ட உசிருக்கு ஒண்டும் வரல்லதானே. அது போதும்" என்றார். உம்மா தம்பியின் தலையைத் தடவி அழுதா. ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. அதில் சீனி போட மறந்திருந்தா. மாமா அதை அடிவரை குடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வெள்ளாமை வெட்டு முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். கூரையில்லாத அந்த வீட்டை ராத்தா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூட்டினா. அறைகளுக்குள் ஆமணக்கு முளைத்தது. பிடுங்கினா. திரும்ப முளைத்தது.

அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில் எனக்கு ஒன்பது வயது. பிள்ளைகளுக்குப் பெயாரிங் வண்டிப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு பலகை, சில்லுக்குப் பதிலாக முன்னுக்கு ஒரு இரும்புப் பெயாரிங், பின்னுக்கு இரண்டு. தார் ரோட்டில் தள்ளிவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். பலகை எல்லாரிடமும் இருந்தது. பெயாரிங்தான் இல்லை. மில்களில் குற்றியைத் தள்ளிக்கொண்டு போகிற தண்டவாள வண்டிகள் கைவிட்டுக் கிடக்கும், அவற்றில் பெயாரிங் இருக்கும் என்று எனக்கு எண்ணம். மாமாவின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் என் வயது. எனக்கு மச்சான் முறை.

முதல் மில்லில் ஊர் ஏற்கெனவே புகுந்து முடித்திருந்தது. தகரம் இல்லை, கதவு இல்லை, கதவு நின்ற நிலையும் இல்லை. வெறும் தூண்கள் வரிசையாக நின்றன. டீசல் டாங்கிக்குள் மழைத்தண்ணீர் கிடந்தது. அதற்குள் கல்லைப் போட்டால் நாலைந்து தவளைகள் ஒன்றாகக் கத்தின. மச்சான் அதை ஒரு விளையாட்டாக்கி அரைமணி நேரத்தை வீணாக்கினான். இரண்டாவது மில்லில் தண்டவாளம் இருந்தது. கட்டிடத்துக்குள் தொடங்கி, வாசலைத் தாண்டி, அடம்பன் கொடிக்குள் புகுந்து, கடலை நோக்கிப் போய் மணலுக்குள் மறைந்தது. வண்டியும் இருந்தது. கவிழ்ந்து கிடந்தது. சில்லு நாலையும் எங்களுக்கு முந்தியவர்கள் கழற்றியிருந்தார்கள்.

மூன்றாவது மில்லுக்கு முன்னால் மச்சான் நின்றுவிட்டான்.

"நான் வரமாட்டன். தூள் குழிக்குள்ள ஜின் இரிக்காம்."

"ஆர் சொன்ன?"

"வாப்பா சொன்ன. காலையில அதுக்குள்ளால புகை வாறல்லோ? ஜின் சமைக்கிதாம்."

"ஜின் என்னத்தச் சமைக்கும்?"

"உன்னத்தான்."

புகை வருவது உண்மை. ஈரத்தூள் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறி, விடியற்காலையில் ஆவி விடும். எனக்கு அது தெரியாது. நான் தைரியசாலியும் இல்லை. ஆனால் பெயாரிங் ஆசை ஜின் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மச்சான் எஞ்சின் கட்டின் மேல் ஏறி நின்று, எனக்குப் பாதுகாப்பாக உரத்த குரலில் சூரா ஓதினான். நான் உள்ளே போனேன்.

வாள்மேசை நின்ற இடத்துக்குக் கீழே, அரியும்போது தூள் விழுவதற்காகக் கட்டிய நீளக் குழி அது. நிறையத் தூள் கிடந்தது. இறங்கினேன். இடுப்பு வரை புதைந்தது. மேல் தூள் குளிர்ந்திருந்தது. கால் நின்ற இடம் இளஞ்சூடாக இருந்தது. ஜின்னின் அடுப்பு கீழேதான் என்று நினைத்தேன். இருந்தும் ஒரு சிரட்டையால் தோண்டினேன். சிரட்டை எதிலோ பட்டது. இரும்பு இல்லை, மரம். கையால் தூளை வழித்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மரத்துண்டுகளின் நுனிகள் தெரிந்தன. ஒன்றில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. கரி என்று துடைத்தேன். போகவில்லை. விரல் பள்ளத்துக்குள் இறங்கியது. மேலே வழித்தேன், கீழே வழித்தேன். கோடு அடுத்த துண்டுக்குத் தாண்டியது, அங்கிருந்து அதற்கடுத்த துண்டுக்கு. வாள் தின்ற இடத்தில் மட்டும் மெல்லிய இடைவெளி. பிறகு வளைவு வந்தது. கடைசியில் சிறு வட்டமும் வந்தது.

அரிந்த ஒழுங்கிலேயே அடுக்கியிருந்ததால் எங்கள் குறி முழுதாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அதற்கு முதலும் கத்தியதில்லை, பிறகும் கத்தியதில்லை. மேலே நின்ற மச்சான் சூராவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான். ஓடியவன் தன்னுடைய வாப்பாவிடம் போய், ஜின் என்னைப் பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். மற்றத் துண்டுகளையும் வழித்துப் பார்த்துவிட்டு, நான் தலைமுடியெல்லாம் தூளாகக் குழியை விட்டு ஏறியபோது, மாமா மச்சானை ஏற்றி வந்த சைக்கிளை மணலில் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

"மாமா! துவக்குக்காரனுகள் எடுக்கல்ல! எங்கட மரம் இஞ்ச இரிக்கி!"

மாமா குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதன் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. சைக்கிள் ஓடி வந்த களைப்பு என்று நினைத்தேன். மச்சானை வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டு, என் தலையில் இருந்த தூளை மெதுவாகத் தட்டிவிட்டார்.

"நீ கெட்டிக்காரன்டா மனே. நான்தான் ஒளிச்சு வச்சிரிக்கன். அவனுகள் வந்து கேட்டா இல்லண்டு சொல்லத்தான். ஊருக்குத் தெரிஞ்சா திரும்ப வருவானுகள். உங்க வாப்பாக்கிட்டயும் சொல்லாத. அவர்ர வாயில ஒண்டும் நிக்காது."

வாப்பாவின் வாயிலிருந்து ஒரு நாளில் பத்துச் சொல் வந்தால் பெரிய விசயம். அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"அப்ப எப்ப மாமா சொல்ற?"

"கூரை ஏறட்டும். கலியாணத்தன்டைக்கு நானே எல்லாருக்கும் சொல்லுவன். உங்க வாப்பா மேல பாத்துட்டு மலைச்சு நிக்கணும். சரியா? வல்லாஹி சொல்லு."

"வல்லாஹி" என்றேன்.

அல்லாஹ்வின் பேரில் சொன்ன சத்தியத்தை மீறினால் என்ன நடக்கும் என்று குர்ஆன் ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித் தந்திருந்தார். ஒன்பது வயதில் நான் அதை முழுதாக நம்பினேன். மறுநாள் மாமா பழைய கடதாசியில் சுற்றிய ஒரு பொதியைக் கொடுத்தார். மூன்று பெயாரிங். கிறீஸ் பூசி, துடைத்து, சுண்டினால் நிற்காமல் சுற்றுகிற மூன்று பெயாரிங். மில்லில் இருந்து அவர் எப்போதோ கழற்றி வைத்தவை. இப்போது என் கடையில் சைக்கிள் சில்லைப் பிரித்து இரும்புக் குண்டுகளை உள்ளங்கையில் கொட்டும்போது சில நாட்களில் அப்படியே டப்பாவுக்குள் திரும்பப் போட்டு மூடிவிடுவேன். வேறு தொழில் தெரியாது.

அந்த வாரம் முழுக்க நான் பெரிய மனிசனைப் போல நடந்தேன். வெள்ளிக்கிழமை ராத்தா கூரையில்லாத வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் வண்டியை நிறுத்தி, "நல்லாக் கூட்டுங்க ராத்தா. இனி இதுக்குள்ள மழை வராது" என்றேன்.

ராத்தா விளக்குமாற்றில் சாய்ந்து நின்று சிரித்தா. "ஏன்டா, மழையிட்டச் சொல்லிட்டியா?"

"ஓம். சொல்லிட்டன்."

அவ அப்படிச் சிரித்ததை நான் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து மில்லுக்குப் போனேன். குழி வெறுமையாக இருந்தது. தூளையும் காணவில்லை, மரத்தையும் காணவில்லை. சிரட்டை மட்டும் கிடந்தது. மாமாவிடம் ஓடினேன். இடம் மாற்றியிருப்பதாகச் சொன்னார். மாரி தொடங்குவதற்கு முன் மாமாவின் மகளுடைய வீட்டில் கூரை ஏறியது. ஓடு, மூன்றாவது மில்லின் கூரையிலிருந்து வந்தது. அது ஊருக்கே தெரியும். நின்றுபோன மில்லில் எல்லாரும் ஏதாவது எடுத்திருந்தார்கள். அதனால் ஓட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஓட்டைப் பற்றிக் கேட்காதவர்கள் மரத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

நான் வாசலில் நின்று மேலே பார்த்தேன். கைமரங்களின் நுனிகள் தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பச்சை வர்ண மை பூசியிருந்தார்கள். மை பூசினால் சூட்டுப் பள்ளம் மூடுமா? ஒரு நுனியில் வளைவில் கொஞ்சம், அடுத்ததில் கோட்டில் கொஞ்சம். மாமா கூரையிலும் அரிந்த ஒழுங்கை மாற்றவில்லை. நுனியில் நாலு விரல் அளவு அரிந்து எறிந்திருந்தால் போதும், எல்லாம் அழிந்திருக்கும். தாழ்வாரம் குறைந்துவிடும் என்று அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

"மாமா, இது எங்கட மரமல்லோ?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் கைபோட்டார். "மெதுவாக் கதைடா. பாதுகாப்புக்கு மேல ஏத்தி வச்சிரிக்கன். கூரையில இரிக்கிற மரத்த ஆரும் இறக்க மாட்டானுகள். நீ வல்லாஹி சொன்ன, மறந்திட்டியா?"

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. குழிக்குள் ஒளிப்பதைவிடக் கூரையில் ஒளிப்பது கெட்டித்தனம்தானே. மாமாவுடைய மூளையை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வாப்பா அந்தப் போகம் முழுக்க வயல்வாடியில்தான் கிடந்தார். விளைச்சலைக் கொண்டு வேறு மரம் வாங்கலாம் என்பது அவருடைய கணக்கு. மாரி வெள்ளம் கதிரோடு மூடியது. வெட்டு முடிகிற காலம் வந்தபோது வெட்டுவதற்கு எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் தாய் வந்தா. பாயில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, கூரையில்லாத வீட்டை ஒருதரம் பார்த்தா.

"உங்கட புள்ளையில ஒரு குறையும் இல்ல. நாங்க எத்தின மாரிக்குப் பொறுக்கிற, சொல்லுங்க பாப்பம்?"

உம்மா வெற்றிலைத் தட்டை அவவின் பக்கம் நகர்த்தி வைத்தா. மூன்றாவது வாரம், அதே மாப்பிள்ளையை மாமாவின் மகளுக்குப் பேசிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வீடு தயாராக இருந்ததாம். உம்மா மூன்று நாள் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் போனா. கலியாண வேலைக்கு ஆள் போதாதாம். ராத்தா போகவில்லை. ஆனால் மணப்பெண்ணுக்குப் பூசுவதற்கு மருதோண்டியை அவதான் அரைத்தா. வாழையிலையில் பொதிந்து என்னிடம் கொடுத்துவிட்டா. அவவுடைய விரல் பத்தும் சிவந்திருந்தன.

ராத்தாவுக்குப் பிறகு கலியாணம் சரிவரவில்லை. இருபத்தாறு வயதில் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனா. பதினாலு வருடம் யாருடைய வீட்டையோ கூட்டி, அந்த உழைப்பில் எங்கள் சுவருக்குக் கூரை போட்டா. இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறா. பல்ப் மாற்ற, குழாய் பூட்ட என்று நான் போய்வருகிறேன். குழியில் கிடந்த மரத்தைப் பற்றி அவவிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை. மாமா மவுத்தாகிப் பல வருடம். அவருடைய சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இனி அந்தக் கலியாண நாள்.

உம்மா விடியவே போய்விட்டா. வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பகல் போனார். வெள்ளைச் சாரமும் சட்டையும் அணிந்து, தொப்பி போட்டிருந்தார். வெள்ளாமைக் காலம் முழுக்க வயலில் கிடந்ததால், கூரை ஏறியபின் அன்றுதான் முதல் முறையாக அந்த வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார். மற்றதைக் கழற்றாமல் தலையை உயர்த்தியபடி கொஞ்ச நேரம் நின்றார். வார் இறுகிவிட்டது என்று நினைத்து நான் குனிந்தேன். அவர் என் தலையைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நிக்காஹுக்குச் சாட்சியாக வாப்பாவைத்தான் உட்கார வைத்தார்கள். மணப்பெண்ணின் மாமியைக் கலியாணம் கட்டியவர், மரியாதைக்குரிய ஆள் என்று மாமாவே சொன்னார். மெல்லிய மீசைக்காரர் புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். வாப்பா கையெழுத்து வைத்தார். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி வைத்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூரை ஏறியாகிவிட்டது, கலியாண நாளும் வந்துவிட்டது. மாமா இப்போது எழும்புவார், எல்லாரையும் மேலே பார்க்கச் சொல்வார், இது மச்சானுடைய மரம், இதோ கழற்றித் தருகிறேன் என்பார். கண்டுபிடித்தவன் இவன் என்று என்னைத் தூக்கிக் காட்டினாலும் காட்டுவார். வெட்கமாக இருக்குமே என்று அதற்கும் தயாராகிக்கொண்டிருந்தேன். ஓதி முடிந்தது. துஆ முடிந்தது. சாப்பாட்டு விரிப்பைப் போட்டார்கள். மாமா எழும்பினார். கறி எல்லாருக்கும் காணுமா என்று பார்க்கத்தான் எழும்பினார்.

எங்கள் வழக்கப்படி ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர். வாப்பாவுக்குப் பக்கத்தில் நான். சோற்றைப் பிசையத் தொடங்கியபோது மாமா வந்து, "மச்சானோட ஒரு புடி திங்காம எனக்கு இறங்காது" என்று எங்கள் சஹனிலேயே உட்கார்ந்தார். இறைச்சித் துண்டுகளை எடுத்து எடுத்து வாப்பாவின் பக்கம் வைத்தார்.

"சாப்பிடுங்க மச்சான். காணுமா?"

"காணும்" என்றார் வாப்பா.

மாமா பக்கத்தில் இருந்தவரோடு பாதையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமா மறந்துவிட்டார். இத்தனை வேலைக்குள் மறந்திருப்பார். கலியாண நாள்வரைதானே வல்லாஹி, அது முடிந்துவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வாப்பாவின் காதுக்குக் கிட்டப் போனேன். அவரோடு நானாக ஒரு கதையைத் தொடங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"வாப்பா, வெளிய போய் மேல பாருங்க. கைமரத்துல எங்கட குறி இரிக்கி."

வாப்பாவின் கை சோற்றில் நின்றது. எதிரே மாமாவின் கதையும் நின்றது. வாப்பா மாமாவைப் பார்க்கவில்லை. தன் முன்னால் இருந்த இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிவைத்தார்.

"தெரியும் மனே. தின்னு."

அவ்வளவுதான். தெரியுமாம். இத்தனை மாதமாக நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது இதற்காகவா? மேலே பார்த்து மலைக்கவும் இல்லை, நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கவும் இல்லை. மாமா எனக்கு முந்திப் போய் வாப்பாவிடம் இரகசியத்தைச் சொல்லிவிட்டார் என்று எனக்கு விளங்கிப்போனது. என்னிடம் வல்லாஹி வாங்கிவிட்டு, தான் மட்டும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. இறைச்சியைத் தொடாமல் எழும்பிப் போய்க் கை கழுவினேன்.

போகும்போது மாமா வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்து அனுப்பினார். என்னிடமும் கையை நீட்டினார். நான் கைகொடுக்கவில்லை, சலாமும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன். பின்னால் வந்த உம்மா வீடுவரைக்கும் ஏசிக்கொண்டே வந்தா. மூத்தவருக்குச் சலாம் சொல்லாத பிள்ளை, வளர்த்த வளர்ப்பு சரியில்லை, பெயாரிங் வாங்கித் தந்த மாமாவுக்கு இதுவா மரியாதை என்றா.

வாப்பா ஏசவில்லை. மரியாதை தப்பினால் காதைத் திருகுகிற மனிசன், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழி முழுக்க விடவில்லை. அவர் ஏன் ஏசவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. இறைச்சியைத் தின்னாமல் வந்தது தெரிந்தால் கட்டாயம் ஏசுவார் என்று, அதை மட்டும் சொல்லாமல் வந்தேன்.